எந்த வாட்டர்மார்க் உங்கள் சர்க்யூட்டுக்கு?

வடிவமைப்புக்குள் ஒளித்துவைக்கும் ரகசியக் குறியான வாட்டர்மார்க் திருட்டைத் தடுக்காது. திருடப்பட்டது உங்கள் வடிவமைப்புதான் என்று நிரூபிக்க உதவும், அவ்வளவே. ஆகவே முதலில் யோசிக்க வேண்டியது, சந்தேகம் வரும் நாளில் உங்கள் கையில் என்ன இருக்கும் என்பதைத்தான். லேஅவுட்டா, பிட்ஸ்ட்ரீமா, கடையில் வாங்கிய மூடிய சிப்பா?

லேஅவுட் கிடைக்குமென்றால், 1998-லேயே முன்வைக்கப்பட்ட முறை ஒன்று உண்டு. எந்தெந்த செல் ஒற்றைப்படை வரிசையில் அமரவேண்டும், எது இரட்டைப்படையில் என்று உங்கள் ரகசியக் கையெழுத்தை வைத்துத் தீர்மானிப்பது. அத்தனையும் தற்செயலாகப் பொருந்தாது என்பதுதான் சாட்சியம். செலவு குறைவு. ஆனால் வெரிலாக் கோடே களவுபோனால், திருடியவர் மறுபடி சிந்தசிஸ் செய்தாலே குறி அழிந்துவிடும்.

பிட்ஸ்ட்ரீம் கிடைக்குமென்றால், எஃப்.பி.ஜி.ஏ.-வில் 6 உள்ளீட்டு லுக்-அப் டேபிளுக்கு 64 பிட். 4 உள்ளீடு மட்டுமே பயன்பட்டால் 16 பிட் போதும். மிச்சத்தில் கையெழுத்தை எழுதலாம். எதிராளி பிட்ஸ்ட்ரீமை என்கிரிப்ட் செய்துவிட்டால் படிக்க வழியில்லை.

மூடிய சிப் மட்டும் கிடைக்குமென்றால், என் ஓட்டு ஸ்டேட் மெஷினில் குறியைப் பதிக்கும் முறைக்கு. ரகசிய உள்ளீட்டு வரிசையைக் கொடுத்தால் மட்டும் கையெழுத்து வெளியே வரும். இது சர்க்யூட்டின் நடத்தையிலேயே இருப்பதால் மறு சிந்தசிஸிலும் தப்பும். வரிசை நீளமாக இருக்கட்டும். குட்டையாக வைத்தால் சாதாரண வேலையின் நடுவிலேயே தற்செயலாக வந்து, வாடிக்கையாளரின் கருவி தடுமாறும். தனி ஸ்டேட்களை ஓரமாக ஒட்டவைக்காதீர்கள். வெரிலாக் கோடைப் படிப்பவர் வெட்டி எறிந்துவிடுவார். பயன்படாத ஸ்டேட் மாற்றங்களுக்குள் பின்னிவிடுங்கள். இரண்டு வரிசைகள் வைப்பது நல்லது: வழக்கில் ஒன்றைக் காட்டிவிட்டால் அது ஊரறிந்ததாகிவிடும்.

உங்கள் கோர் பெரிய சிப்பின் நடுவில் புதைந்து, எந்தப் பின்னிலிருந்தும் எட்டவில்லையா? அப்போதுதான் மின்நுகர்வு முறை. சிறு ரெஜிஸ்டர் வரிசை ஒன்று மின்நுகர்வில் நுண்ணிய ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். ஆசிலாஸ்கோப்பில் நிறைய அளவெடுத்து, இரைச்சலிலிருந்து கணக்குப்போட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். பொறுமை வேண்டும், மின்சாரமும் கொஞ்சம் கூடுதலாகும்.

வழக்கு என்று போனால், இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு லேஅவுட் சட்டம் பதிவு செய்த லேஅவுட்டுக்குத்தான் 10 ஆண்டு காப்பு தருகிறது. வெரிலாக் கோடுக்குப் பதிப்புரிமையைத்தான் நாட வேண்டும். எந்த முறையானாலும், கையெழுத்தின் ஹேஷைச் சந்தைக்குப் போகுமுன்பே தேதியோடு மூன்றாம் நபரிடம் ஒப்படைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு, அந்தக் குறி தன்னுடையது என்று சொல்லிவிடும்.