நரம்புச் சுருட்டும் இறுக்கக் காலுறையும்

நாள் முழுதும் கடையில் நின்று வியாபாரம் செய்யும் நம்மில் பலருக்குக் கால் வீங்கி, நரம்பு சுருண்டு புடைக்கிறது. காலிலிருந்து மேலேறும் இரத்தம் கீழே திரும்பாமல் காக்கும், குழாய்களிலுள்ள சிறு கதவுகள் தளர்வதே காரணம். நடந்தால் கெண்டைச் சதை இரத்தத்தை மேலே தள்ளும், நின்றால் தேங்கும்.

வைத்தியர் கூறும் இறுக்கக் காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் அழுத்தும். கால் அளவெடுத்தே வாங்குக. சுபுஹுக்குப் பின், வீக்கம் ஏறுமுன், சுருக்கமின்றி அணிக. மேல்விளிம்பை மடிக்கலாகாது.

நீரிழிவுள்ளோர் காலின் இரத்த ஓட்டத்தைச் சோதித்தறியாமல் அணிவது ஆபத்து. புண்ணாகிக் காலுக்கே கேடு வரலாம்.

லுஹருக்கு ஒளுச் செய்யக் கழற்றி, காலைக் கழுவித் துவட்டி மீண்டும் அணிவோம். கழற்றலாகாதென வைத்தியர் சொன்னால் ஆலிம்களிடம் சட்டம் கேட்டறிவோம். உடலும் அல்லாஹ் தந்த அமானிதமன்றோ!