நெற்றிக் கோட்டுக்கு ஊசியா? முதலில் குப்பியைப் பாருங்கள்

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல்லில் வீட்டுக்கு வீடு கல்யாணப் பத்திரிகை வந்துவிடும். எந்த ஃபேசியல் நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாக்களும் அத்தைகளும் இப்போது, "இந்த நெற்றிக் கோடு போக ஒரு ஊசி இருக்காமே, போட்டுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஊசிக்குள் இருப்பது மருந்து. அந்த மரியாதையை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்த ஊசிக்கு எல்லோரும் சொல்லும் போடாக்ஸ் என்பது ஒரு கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருப்பது பொட்டுலினம் டாக்சின். ஒருவகை பாக்டீரியா சுரக்கும் கொடிய நஞ்சைச் சுத்திகரித்து, மிக மிகச் சிறிய அளவில் தருகிறார்கள். நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் இது சில மாதம் தடுக்கிறது. தசை தளர்கிறது, அதன் மேலுள்ள சுருக்கம் மறைகிறது. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான் அமெரிக்காவில் 1989-ல் முதலில் அனுமதி கிடைத்தது. இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவ நடுக்கோடு மறைவதைக் கனடாவின் கண் மருத்துவர் ஜீன் கார்ருதர்ஸ் கவனித்தார். அழகுக்கான பயன்பாடு அதிலிருந்து வளர்ந்தது. அதற்கான அமெரிக்க அனுமதி 2002-ல் வந்தது.

செய்ய வேண்டியவை

1. தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ மட்டும் போங்கள். அவருடைய தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். ஊசி தேவைதானா என்றே சந்தேகம் என்றால், திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் முதலில் காட்டுங்கள்.

2. எதையும் மறைக்காதீர்கள். கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற தசைத் தளர்ச்சி நோய் என்றால் இந்த ஊசி வேண்டாம். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஊசி போட்ட இடம் கன்றிப்போகலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

3. குப்பியைக் கண்ணால் பாருங்கள். முதல் பார்வைக்கு அது காலியாகத்தான் தெரியும். சாய்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதில் உப்புநீர் சேர்த்துக் கலக்குவதை உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து இது. சித்திரை வெயிலில் பையில் சுற்றி வந்ததாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

4. எத்தனை யூனிட் என்று கேளுங்கள். போடாக்ஸ் என்றால் புருவ நடுவுக்கு வழக்கமான அளவு 20 யூனிட். ஒரு கம்பெனியின் யூனிட்டும் இன்னொரு கம்பெனியின் யூனிட்டும் சமமல்ல.

5. முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாளில் வேலை தொடங்கும்; முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். மூன்று நான்கு மாதத்தில் மருந்தின் வேகம் குறைந்துவிடும்.

செய்யக்கூடாதவை

1. பார்லரிலோ யார் வீட்டிலோ கல்யாண மண்டபத்து அறையிலோ போட்டுக்கொள்ளாதீர்கள். 2016-ல் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் பின் ஒரு மருத்துவ மாணவர் இறந்தார். அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் கடைக்கான உரிமம் மட்டுமே என்று பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் 2023-24-ல் போலி போடாக்ஸ் மருந்தாலும் தகுதியில்லாத ஆட்கள் போட்டதாலும் 22 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 11 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் பயப்படுங்கள்.

2. போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். நான்கு மணி நேரம் படுக்க வேண்டாம். அன்று ஃபேசியல், ஆவி பிடிப்பது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, ஜிம் எதுவும் கூடாது. ஹெல்மெட் நெற்றியை அழுத்தும். அதனால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் போய் வாருங்கள்.

3. ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று இன்னொரு ஊசி கேட்காதீர்கள். இரண்டு வாரம் பொறுத்திருந்து, போட்ட டாக்டரிடமே காட்டுங்கள்.

4. விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டில் காத்திருக்காதீர்கள். சில வாரம் கழித்துக்கூட வரலாம். உடனே 108-ஐ அழையுங்கள், போட்ட ஊசியின் பெயரைச் சொல்லுங்கள். இமை மட்டும் லேசாகத் தொங்கினால் சில வாரத்தில் சரியாகும். ஆனாலும் டாக்டர் பார்க்க வேண்டும்.

5. ஊசி எல்லாக் கோட்டையும் அழிக்கும் என்று நம்பாதீர்கள். முகத்தைச் சுளிக்கும்போது மட்டும் விழும் கோடுகளுக்கே இது நன்றாகக் கேட்கும். நிலக்கோட்டைப் பக்கம் வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பூப்பறித்து, வருடக்கணக்கில் தோலில் பதிந்துவிட்ட கோடு முழுதாகப் போகாது. இனியும் கோடு பதியாமல் இருக்கக் குடையும் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும்; புகைப் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும்.

நல்ல டாக்டர் ஊசியை எடுப்பதற்கு முன், "கோபமா முறைங்க, இப்ப சிரிங்க" என்று சொல்லி எந்தத் தசை எப்படி இழுக்கிறது என்று பார்ப்பார். பென்சிலால் புள்ளி வைப்பார். உங்கள் கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்வார். குப்பியைக் காட்டச் சொன்னதும் முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.