பன்றிக்கு வைத்த காயை மாடு கடித்தால்...

கேள்வி: எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கில் பத்துப் பதினைந்து வீட்டு மாடுகள் மேய்கின்றன. ஒரு வருடமாகக் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கி, கிழங்கு தோண்டித் தரையையே உழுது போட்டுவிடுகிறது. போன மாதம் யாரோ பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் வெடியைக் கடித்து என் சினைப்பசுவின் தாடை கிழிந்துவிட்டது. காப்புக்காடு எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பன்றியைச் சுடலாம் என்று அரசே சொல்லிவிட்டதாமே? நாங்களே நாய், வலை வைத்துப் பிடித்தால் தப்பா ஐயா?
- வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: தப்புதான். 2025 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் சுடலாம். ஆனால் சுட வேண்டியவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும்போது இந்த ஒரு வரி மட்டும் எப்படியோ உதிர்ந்துவிடுகிறது. 2022 முதல் கேரளத்தில் ஊராட்சித் தலைவரே உத்தரவிடுகிறாரே என்பீர்கள். அது அந்த மாநிலத்து ஏற்பாடு, நமக்குப் பொருந்தாது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் காட்டுப்பன்றி இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கொல்வது மட்டும் வேட்டை என்று நினைக்காதீர்கள். வலை, கண்ணி, விஷம், நாய் விட்டுத் துரத்துவது, இவற்றுக்கான முயற்சி எல்லாமே வேட்டைதான். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கறியைப் பங்கு போட்டவர்களும் வழக்கில் சேருவார்கள். பன்றி ஆள்மீது பாய்ந்து, உயிரைக் காக்க அடித்தால் 11(2) பிரிவு காப்பாற்றும். அந்தப் பிரிவு மனிதரைத்தான் சொல்கிறது, மாட்டைச் சொல்லவில்லை.

சட்டப்படியான வழி 11(1)(ஆ). உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தான விலங்கை வேட்டையாட, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் தந்த அலுவலரோ எழுத்துமூலம் அனுமதிக்கலாம். 'நிற்கும் பயிர் உட்பட' என்று அதில் இருப்பதால், புல்தரைக்கு இது பொருந்தாது என்று சிலர் தட்டிக் கழிக்கக்கூடும். கறவை மாடும் சொத்துதான் என்பது என் வாதம். மனுவில் அதையே முன்னால் வையுங்கள். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனவர் அடங்கிய குழுவின் பரிந்துரை வேண்டும். மாடு வைத்திருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, சர்வே எண், காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரம், தேதியோடு கூடிய படங்கள் சேர்த்து வனச்சரக அலுவலரிடம் கொடுங்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் ஒரு நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த அவுட்டுக்காய். எனக்குக் கோபம் வருவது இதில்தான். வெடிமருந்தையும் கல்லையும் சேர்த்து இறுகக் கட்டி, வாசனைக்கு ஏதாவது தடவிப் புல்லுக்குள் போட்டுவிட்டுப் போகிறார்கள். கடிப்பது பன்றியா, பசுவா, விளையாட வந்த பிள்ளை கையில் எடுக்கிறதா என்று அதற்குத் தெரியுமா? 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று இப்படி வெடி கடித்து வாய் சிதைந்து செத்ததை நாடே பார்த்தது. வைத்தவர் மீது வன உயிரினச் சட்டத்தோடு 1908-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் பாயும். பசுவைச் சிதைத்ததற்கு, பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. 'பன்றிக்குத்தானே வைத்தேன்' என்று சொன்னால் அதுவே வேட்டைக்கு ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும். புறம்போக்கு என்பதால் 'என் காட்டில் வைத்தேன்' என்றும் சொல்ல முடியாது.

அரசு கால்நடை மருத்துவரிடம் காயச் சான்று வாங்குங்கள். தாடையிலிருந்து எடுத்த கல், நூல் எதையும் எறியாதீர்கள். 'அடையாளம் தெரியாத நபர்' என்று புகார் கொடுத்தாலும் காவல் நிலையத்தில் எடுத்தாக வேண்டும், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்தாமல் எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். மறுத்தால் அதே புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம்.