போற்றி என்னுஞ் சொற்பொருள்

நம்பால் பாடங்கேட்கும் மாணாக்கர் ஒருவர் அண்மையில் ஓர் ஐயம் நிகழ்த்தினர். "திருக்கோயிலில் 108 முறை போற்றி யென்கின்றோம். போற்றுதலாவது புகழ்தலே யாயின், குறைவிலா நிறைவாகிய இறைவனுக்கு நம் புகழுரையால் ஆவதென்னை?" என்பது அது. வினா நன்றே. சொற்பொருளை ஒருபுடையே உணர்ந்தமையான் எழுந்த ஐயமாகலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

போற்று என்பது பகுதி. போற்றினான், போற்றுகின்றான், போற்றுவான் என முக்காலத்தும் வரும், செயப்படுபொருள் குன்றாவினை. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலுள் திங்கள், ஞாயிறு, மழை என்பவற்றை வாழ்த்துமிடத்து வரும் 'போற்றுதும்' என்பது, இப்பகுதி 'தும்' என்னுந் தன்மைப்பன்மை எதிர்கால விகுதியொடு புணர்ந்த முற்று. ஆண்டு அது துதித்தற்பொருட்டு.

அப்பொருள் ஒன்றே அதற்குரியதோ வெனின், அன்று. காத்தல், பேணல், வளர்த்தல், கடைப்பிடித்தல் என்பனவும் அதன் பொருள்களேயாம். வலியறிதல் அதிகாரத்துப் பொருளைப் போற்றுதலென்றது பொருளைக் காத்தலை. இடனறிதல் அதிகாரத்துப் போற்றாரென்றது பகைவரை. பொச்சாவாமையுள் ஒரு குறளிலேயே புகழ்தல், போற்றுதல் என்னும் இரண்டனையும் வைத்து, சான்றோர் புகழ்ந்த செயல்களைக் கடைப்பிடித்துச் செய்க என்றார் வள்ளுவனார். இரண்டும் ஒருபொருளவாயின் அது கூறியது கூறலாய் முடியுமன்றோ? மலையாளத்தில் வளர்ப்புத்தாயைப் போற்றம்ம என வழங்குதலும் நோக்குக. ஒன்றை அரிதென மதிப்பவனே அதனைக் காப்பன்; அம்மதிப்பு நாவழி வெளிப்படுங்கால் துதியாம். ஆகலின் காத்தற்பொருளே முற்பட்டதெனக் கருதுகின்றோம்.

இனி, இகர வீற்றதாய 'போற்றி' என்பதற்குக் காத்தருள்க எனவும், வணக்கம் எனவும் உரையாளர் பொருள் கொள்வர். ஆறாந் திருமுறையில் நாவுக்கரசரின் போற்றித் திருத்தாண்டகங்களும், திருவாசகத்துப் போற்றித் திருவகவலும், மெய்கண்ட சாத்திரம் 14-னுள் ஒன்றாகிய உமாபதி சிவனாரின் போற்றிப் பஃறொடையும் இச்சொல்லாற் பெயர்பெற்றன.

மாணாக்கர் ஐயத்திற்கு விடை நெய்தற்கலியுள் உளது. பண்புகள் பலவற்றிற்கு இலக்கணங் கூறுஞ் செய்யுளொன்று, போற்றுதலாவது கூடினாரைப் பிரியாதிருத்தல் என வரையறுக்கின்றது. இஃது அகப்பொருள் பற்றியதாயினும் நம் சித்தாந்தத்திற்கு மிக இயைவது. இறைவன் உயிரொடு அத்துவிதமாய் என்றும் நிற்பன். அதனை மறந்து நிற்பது ஆணவத்தான் மறைப்புண்ட உயிரே. போற்றி யென்னுங்கால் அவனுக்கு யாம் ஒன்றுங் கூட்டுகின்றிலேம். அவன் கூடியிருத்தலை மறவாது பேணுகின்றோம். பயன் உயிர்க்கேயாம். வாய் 108 முறை கூறியும் நெஞ்சம் அகன்று திரியுமாயின், அது புகழ்தலாகலாம், போற்றுதலாகாது.

திருச்சிற்றம்பலம்.