நள்ளிரவில் பூட்டியிருக்கும் வங்கி

அன்புள்ள மருமகன் கார்த்திக்குக்கு,

கோவாவிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. கையில் கோப்பை, பக்கத்தில் பரிசுத் தொகை எழுதிய பெரிய அட்டை. உன் அம்மா அதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். போக்கரையே தொழிலாக்கிக்கொள்ள நீ வேலையை விடப்போகிறாய் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. முப்பது வருஷம் வங்கியில் அடுத்தவர் கணக்கைப் பார்த்தவனிடம் அதைச் சொல்லியிருக்கிறாய். புத்திமதி கேட்க உனக்குப் பொறுமை கிடையாது என்பதால், வங்கிக் கணக்கே வைத்துக்கொள்ளாத ஒரு சீட்டாட்டக்காரரின் கதையை எழுதுகிறேன்.

ஸ்டூ உங்கர். பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். 1953-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா மதுக்கடை நடத்தினார். பந்தயப் பணமும் வட்டிப் பணமும் புரண்ட கடை அது. பையன் அங்கேதான் சீட்டைத் தொட்டான். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். படிப்பைப் பாதியில் நிறுத்திய ஸ்டூ, ஜின் ரம்மி ஆடிக் குடும்பத்தைத் தாங்கினார்.

நம் ஊர்த் திண்ணை ரம்மிக்கு ஜின் ரம்மி ஒன்றுவிட்ட உறவு. இரண்டே பேர் ஆடுவது. எதிராளி எடுப்பதையும் கீழே போடுவதையும் நாலைந்து முறை கவனித்தாலே, அவர் கையில் என்ன இருக்கிறது என்று உங்கர் கணித்துவிடுவாராம். பெயர் பெற்ற ஆட்டக்காரர் ஒருவரை 86 ஆட்டங்களில் ஒன்றுகூட விடாமல் தோற்கடித்தார் என்ற கதையைச் சீட்டாட்டக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். கொஞ்சம் உப்புக் காரம் சேர்ந்திருக்கலாம். ஆனால் அவரோடு ஜின் ஆட ஆளே கிடைக்காமல் போனது நிஜம். பிழைப்புக்கு வேறு ஆட்டம் தேடவேண்டி வந்தது. அப்படித்தான் போக்கருக்கு வந்தார்.

1980-ல் லாஸ் வேகஸில், பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ கேசினோவில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. தலைக்குப் பத்தாயிரம் டாலர் கட்டி 73 பேர் உட்கார்ந்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: ஏற்கெனவே இரண்டு முறை பட்டம் வென்றிருந்த டாயில் பிரன்சன், 26 வயது உங்கர். உங்கர் ஜெயித்தார். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்ததால் ‘தி கிட்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வருஷமும் அதே பட்டம்.

வங்கி விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்த பணத்தையெல்லாம் அவர் ஓட்டல் பெட்டகங்களில்தான் வைப்பார். நள்ளிரவில் போனால் பணம் கிடைக்காத இடத்துக்கு வங்கி என்று பெயரா என்று அவருக்குச் சிரிப்பு. முதலில் படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது: கவுன்ட்டர் மூடியிருக்கும் அந்த நேரம்தான் எத்தனையோ பேரின் பணத்தைக் காப்பாற்றுகிறது.

சீட்டு மேஜையில் அவரைச் சாய்க்க ஆள் அபூர்வம். மேஜையை விட்டு எழுந்தால் குதிரைப் பந்தயம், விளையாட்டுப் பந்தயம், கோல்ஃப். கோல்ஃப் மட்டையை முதன்முதலாகத் தொட்ட அன்றைக்கே பல்லாயிரம் டாலர் தோற்றார் என்பார்கள். தனக்குத் தெரிந்த ஒன்றில் சம்பாதித்ததைத் தெரியாத பத்தில் விட்டார். நீயும் உன் நண்பர்களும் ‘லீக்’ என்று சொல்வது இதைத்தானே? ஓட்டைப் பானை. போதாததற்கு கொக்கேன் பழக்கம். 1986-ல் மணவிலக்கு. 1989-ல் வளர்ப்பு மகன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

1990 போட்டியில் நடந்ததைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. மூன்றாம் நாள் உங்கர் ஆட வரவில்லை. ஓட்டல் அறையில், போதைமருந்து மிஞ்சி, சுயநினைவில்லாமல் கிடந்தார். அவருடைய சிப்கள் மேஜையில் குவிந்திருந்தன. முறை வரும்போதெல்லாம் பிளைண்ட் போன்ற கட்டாயப் பந்தயத் தொகை மட்டும் அதிலிருந்து கழிந்துகொண்டே போனது. அப்படியும் அந்தக் காலி நாற்காலிக்கு ஒன்பதாம் இடமும் பரிசுப் பணமும் கிடைத்தன. ஆள் இல்லாமலே ஒன்பதாவது! அவருடைய திறமையை யாரும் குறை சொல்லவே முடியாது, நானும் சொல்லவில்லை.

1997-ல் கையில் காசில்லை. நண்பர் பில்லி பாக்ஸ்டர் பத்தாயிரம் கட்டி உட்காரவைத்தார். ஃப்ரீமான்ட் தெருவில், திறந்தவெளியில் இறுதி மேஜை. கடைசிக் கையைக் கவனி. உங்கரிடம் ஏஸ், நாலு. எதிரே ஜான் ஸ்ட்ரெம்ப்பிடம் ஏஸ், எட்டு. பணம் முழுக்க நடுவில் விழுந்த நேரத்தில் பின்தங்கியிருந்தவர் உங்கர்தான். கடைசிச் சீட்டாக ஒரு இரண்டு விழுந்து வரிசை சேர்ந்தது. பத்து லட்சம் டாலர். உலகத்திலேயே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவருக்கும் அந்தக் கையில் ஒரு துக்கடாச் சீட்டு வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது.

பரிசில் பாதி பாக்ஸ்டருக்கு. மீதிப் பாதி சில மாதங்களில் கரைந்தது. மறு வருஷமும் பாக்ஸ்டர் பணம் கட்டத் தயாராக இருந்தார். உங்கர் ஆட வரவே இல்லை. 1998 நவம்பர் 22 அன்று வேகஸில் ஒரு மலிவு விடுதியின் ஆறாம் எண் அறையில் இறந்துகிடந்தார். வயது 45. இதயம் நின்றுபோயிருந்தது. அவரிடம் இருந்தது சுமார் 800 டாலர். இறுதிச் சடங்குக்கு நண்பர்கள் பணம் திரட்டினார்கள்.

எல்லோருக்கும் இப்படித்தான் முடியும் என்று உன்னைப் பயமுறுத்தமாட்டேன். அவரிடம் தோற்ற பிரன்சன் 89 வயது வரை இருந்து 2023-ல்தான் மறைந்தார். அவரும் நோவாவின் பேழையைத் தேடுகிற முயற்சிக்கெல்லாம் பணம் போட்டுக் கைசுட்டுக்கொண்டவர்தான். ஆனால் அவருக்கு 1962-ல் கட்டிய மனைவியும் திரும்பிப் போக ஒரு வீடும் கடைசிவரை இருந்தன.

நீ கிறிஸ் மணிமேக்கரைச் சொல்வாய். டென்னஸி மாநிலத்துக் கணக்காளர். இணையத்தில் 86 டாலர் கட்டி நுழைந்து, 2003-ல் 839 பேரைக் கொண்ட அதே முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றவர். உண்மைதான். மற்ற 838 பேரின் பெயர் உனக்குத் தெரியுமா? போக்கர் தளங்கள் போடும் வருமானப் பட்டியல்களில் வென்ற தொகைதான் இருக்கும். கட்டிய நுழைவுக் கட்டணத்தைக் கழிக்கமாட்டார்கள். வங்கியில் இப்படி வரவை மட்டும் எழுதியிருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இன்னொன்று, தொழிலின் தரையே நிலையில்லை. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்களை முடக்கியது. அவற்றில் ஒன்றில் பணம் வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இங்கே, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது எனக்கு போன் போட்டுக் குதித்தாயே, நினைவிருக்கிறதா? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. சில நாட்களில் செயலிகள் கடையைக் கட்டின. நீ கோவாவுக்கு ஓட ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

ஒரு நோட்டு வாங்கு. இந்த இரண்டு வருஷத்தில் கட்டிய ஒவ்வொரு நுழைவுக் கட்டணம், விமானச் செலவு, அறை வாடகை, பங்குக்குப் பணம் போட்டவனுக்குக் கொடுத்தது, தூங்காத இரவுகள், கிரிக்கெட்டில் வைத்துத் தோற்றது உட்பட எல்லாவற்றையும் எழுது. ராஜினாமாக் கடிதம் அதற்கப்புறம் இருக்கட்டும். மாசக் கடைசி ஞாயிறு வீட்டில்தான் இருப்பேன், எடுத்துக்கொண்டு வா. அதுவரை உன் அம்மாவிடம் நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

அன்புடன்,
மாமா