போக்குவரத்து விமானங்கள் எத்தனை தேவை?

இமய எல்லைகளில் காவல் புரியும் படையினருக்குக் குளிர்காலத்தில் உணவும் எரிபொருளும் பெருமளவு வான்வழியாகவே சென்றாக வேண்டும். இதற்கு இந்திய விமானப்படையிடம் எத்தனை போக்குவரத்து விமானங்கள் இருத்தல் வேண்டும்?

கணக்கிடும் முறை எளிது. ஒரு நாளில் சேர்க்க வேண்டிய சரக்கின் எடையை, ஒரு விமானம் அந்நாளில் சுமந்து செல்லும் எடையால் வகுத்தல் வேண்டும். வகுக்கும் எண்ணில்தான் சிக்கல் உள்ளது. லே விமான நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,250 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கு காற்றின் அடர்த்தி குறைவாதலால் இயந்திரத்தின் ஆற்றலும் இறக்கைகளின் தூக்குவிசையும் குறைகின்றன. வெயில் ஏறினால் நிலைமை மேலும் மோசமாகும். எனவே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே சென்று திரும்புகின்றன. ஏ.என்.-32 விமானத்தின் உச்சச் சுமை ஏறத்தாழ 6.7 டன் என்பதை இத்தகைய தடங்களுக்கு அப்படியே கொள்வது கணக்கைக் கெடுக்கும்.

பறக்கும் நிலையிலுள்ள விமானங்களின் விகிதம் இதனினும் முக்கியமானது. எடுத்துக்காட்டாக, 40 விமானங்களில் 60 சதவீதம் பறக்கத்தக்கவை எனக் கொள்வோம். 24 விமானங்கள், நாளொன்றுக்கு இரு முறை, முறைக்கு 4 டன் சுமந்தால் 192 டன் சேரும். உதிரிப் பாகங்களும் பழுதுபார்ப்பும் சீராகி அவ்விகிதம் 75 சதவீதமாக உயர்ந்தால் 240 டன் சேரும். பழைய விகிதத்திலேயே இந்த அளவை எட்ட, புதிதாகப் பத்து விமானங்கள் வாங்க நேரிடும். வரவுசெலவுத் திட்டத்தில் புதிய கொள்முதல் எளிதில் கண்ணில் படுகிறது. உதிரிப் பாகக் கிடங்கு படுவதில்லை.

புதுப்பித்தலுக்கும் இடர்கள் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட ஏ.என்.-32 விமானங்களைப் புதுப்பிக்க 2009இல் உக்ரைனுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரு பகுதி அங்கும், எஞ்சியவை கான்பூரிலும் சீரமைக்கப்பட வேண்டும். 2014இல் அந்நாட்டில் பூசல் மூண்டதும் பாகங்களின் வரத்து தடைப்பட்டுப் பணி பின்தங்கியது. 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயர் நோக்கிச் சென்ற ஏ.என்.-32 ஒன்று 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. அதனுடையவை எனக் கருதப்படும் சிதைவுகள் கண்டறியப்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வெளியாயிற்று. இருப்பிடங் காட்டும் கருவிகளைப் புதுப்பித்தலில் பின்தள்ளலாகாது.

கொள்முதலைத் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. பத்து சி-17 விமானங்களுக்கு 2011இல் ஒப்பந்தமாகி, 2013 முதல் அவை வந்தன. 2015இல் அமெரிக்காவில் அதன் உற்பத்தி முடிவுற்றது. அதன்பின் இந்தியாவுக்குக் கிடைத்தது ஒன்றே. 2019இல் படையில் சேர்ந்தது.

பழைய ஆவ்ரோ விமானங்களுக்கு மாற்றாக 56 சி-295 விமானங்களுக்கு 2021 செப்டம்பரில், ஏறத்தாழ ரூ. 22,000 கோடியில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 16 விமானங்கள் ஸ்பெயினிலிருந்து வரவும், 40 விமானங்கள் வதோதராவில் உருவாகவும் அது வகை செய்கிறது. வதோதரா ஆலை 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. பாகங்கள் உள்நாட்டிலேயே எந்த அளவுக்குக் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தே, மேற்கூறிய 60 சதவீதமா 75 சதவீதமா என்பது அமையும்.