கரிக்கு முதல்ல சாப்பாடு போடு

தங்கச்சி, கத்தரிக்கு யூரியா போட்ட மூணாம் நாளே மழை கொட்டிருச்சு, அடி இலையெல்லாம் வெளிறிப் போச்சுன்னு போன்ல அழாத குறையா சொன்னியே, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நம்ம ஆலங்குடி பக்கத்துச் செம்மண்ணு எப்படின்னு எனக்குத் தெரியும். தண்ணி ஊத்தினா நிக்காது, உரம் போட்டா தங்காது. பயோசார், அதாவது மண்ணுக்குப் போடுற கரி, போடலாமான்னு கேட்டே. போடலாம். ஆனா போடுற விதம் தப்பாப் போனா, இருக்குற உரத்தையும் அது தின்னுரும்.

உரம் எப்படிப் போகுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்க. 45 கிலோ யூரியா மூட்டையில தழைச்சத்து 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல இருக்கு. ஈர மண்ணுல விழுந்தா சில நாள்லயே அது அம்மோனியமா மாறும், அப்புறம் நைட்ரேட்டா மாறும். அம்மோனியம் மண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நைட்ரேட் தண்ணியோடயே இறங்கி, வேருக்குக் கீழ போயிரும். களிமண்ணுல பிடிச்சுக்கிறதுக்கு இடம் நிறைய. நம்ம மணல் கலந்த மண்ணுல அந்த இடமே குறைவு. கரி அந்த இடத்தைக் கூட்டிக் கொடுக்குது. அதோட துளைக்குள்ள தண்ணியும் கொஞ்சம் தங்கும், அதுல கரைஞ்ச சத்தும் தங்கும். நைட்ரேட்டை அது நேரா இறுக்கிப் பிடிக்கும்னு நம்பிராத. அம்மோனியத்தைத்தான் நல்லாப் பிடிக்கும்.

வெறும் குதிர் இருக்குற வீட்டுல முதல் மூட்டை நெல்லு குதிருக்குள்ளதான் போகும். புதுக்கரியும் அப்படித்தான். சும்மா அள்ளிப் போட்டா, பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தை முதல்ல அது இழுத்து வெச்சுக்கும். என் முதல் வருஷ மிளகாய் அப்படித்தான் மஞ்சளா நின்னுச்சு. அதனால கரிக்கு முதல்ல சாப்பாடு போட்டுட்டு அப்புறம் வயலுக்கு அனுப்பு.

ஊறல் போடுறது இப்படி: ஒரு கூடை கரிக்கு ஒரு கூடை நல்லா மக்கின எரு. ஆட்டுப் புழுக்கை கிடைச்சா இன்னும் நல்லது. கோமியத்தைத் தண்ணியில கலந்து தெளிச்சுப் பிசறு. கையில பிடிச்சா பிடியணும், உதிர்த்தா உதிரணும், அதாவது புட்டு மாவு பதம். நிழல்ல குவிச்சு, தென்னங்கீற்றைப் போட்டு மூடி, வாரம் ஒரு தடவை கிளறி விடு. ரெண்டு மூணு வாரம் போகட்டும். மாட்டுக் கொட்டகையில மூத்திரம் தேங்குற இடத்துல கரித்தூளைப் பரப்பி வெச்சு, அப்படியே குப்பைக்குழிக்குத் தள்ளினாலும் சரி. கொட்டகை நாத்தமும் குறையும். எனக்கு இந்த வழிதான் ரொம்பப் பிடிக்கும், தனியா ஒரு வேலைன்னு இல்ல பாரு.

மானாவாரிக்கு சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்தோட கலந்து ஊற வெச்சுப் போடுவோமே, அந்தக் குவியல்லயே கரியையும் சேத்துக்கலாம். யூரியாவை மட்டும் காய்ஞ்ச கரியோட கலந்து மூட்டை கட்டிராத. கரி சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளது. யூரியா கரைஞ்சு அம்மோனியாவா மாறி காத்துல போயிரும். மூக்கைத் துளைக்குற வாடை வந்தா உன் காசு ஆவியாப் போகுதுன்னு அர்த்தம்.

கரி எங்க கிடைக்கும்? ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் சீமைக்கருவேலங் கரிமூட்டம் போடுறாங்கல்ல, அங்க கட்டைக்கரி போக மிஞ்சுற சில்லும் தூளும் கேட்டுப் பாரு. மண்ணு கலந்திருக்கும், சலிச்சு வாங்கு. நீயே சுடணும்னா மேல மூணு அடி அகலம், ரெண்டரை அடி ஆழத்துல, புனல் மாதிரி கீழ குறுகுற குழி வெட்டு. விறகு நல்லாக் காய்ஞ்சிருக்கணும், பெருவிரல் கனத்துல இருந்து மணிக்கட்டுக் கனம் வரைக்கும் போதும். தீயை மேல இருந்து வை. மேல ஜுவாலை எரியுற வரைக்கும் கீழ இருக்குற கரிக்குக் காத்து போகாது, சாம்பலாகாது. மேல்விறகுல வெள்ளைச் சாம்பல் பூக்க ஆரம்பிச்சதும் அடுத்த அடுக்கைப் போடு. இப்படியே குழி நிறையற வரைக்கும். புகை அதிகமா வந்தா விறகு ஈரம், இல்லன்னா நீ அவசரப்பட்டு அள்ளிப் போடுற. பிளாஸ்டிக், பெயின்ட் அடிச்ச கட்டை எதுவும் குழிப்பக்கம் வரவே கூடாது.

கடைசில குடம் குடமாத் தண்ணி ஊத்திக் கிளறு. இதுல மட்டும் சோம்பேறித்தனம் வேணாம். நான் ஒரு தடவை அணைஞ்சிருச்சுன்னு நினைச்சு அன்னைக்கே சாக்குல அள்ளி வெச்சேன். விடியக்காலைல சாக்குலயே தீ. பக்கத்துல வைக்கோல் போர் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் வயித்தைக் கலக்குது. மெல்லிசாப் பரப்பி ஒரு ராத்திரி வெறுந்தரையில விட்டுட்டு, மறுநாள் தொட்டுப் பாத்து அள்ளு.

நல்ல கரியை விரல்ல தேய்ச்சா, கையில ஒட்டுறது வெறும் தண்ணியில போயிரும். பிசுபிசுன்னு எண்ணெய் மாதிரி ஒட்டினா அது பாதி வெந்தது, போடாத. நிலக்கடலைப் பருப்பு அளவுக்கும் கீழ உடைச்சுக்க. ஈரமா வெச்சே உடை, மூக்குல துணி கட்டிக்க. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

மண்வள அட்டையைப் பாத்துட்டுதான் வயல்ல இறக்கணும். கார அமில நிலை 8-க்கு மேல இருந்தா விட்டுரு, கரி அதை இன்னும் ஏத்திவிடும். அங்க தொழு உரமும் பசுந்தாளும் போதும். உன் செம்மண்ணுக்கு அந்தப் பயம் குறைவு, இருந்தாலும் அட்டை இல்லாம கை வைக்காத.

ஏக்கர் முழுக்க ஒரேடியா வேணாம். அஞ்சு சென்ட்ல ஆரம்பி. சென்ட்டுக்கு 10 கிலோ கரி கணக்கு வெச்சுக்க, எரு அதுக்கு மேல. வயல் முழுக்க வீசுறதை விட, நடுற குழியில ரெண்டு கை ஊறல் கலவையைப் போட்டு மண்ணோட கலக்குறது மேல். வேர் இருக்குற இடத்துலதான் கரி இருக்கணும். ஒரு தடவை போட்டா அது பல வருஷம் மண்ணுலயே கிடக்கும். அமேசான் காட்டுல ஆயிரம் வருஷத்துக்கு மேல முன்னாடி அங்க இருந்த சனங்க கரியும் குப்பையும் எலும்பும் சேத்து உண்டாக்கின கறுப்பு மண்ணு இன்னைக்கும் கறுப்பாவே இருக்கு.

கரி போட்டுட்டோமேன்னு முதல் வருஷமே யூரியாவைக் குறைக்காத. சிபாரிசு அளவை அப்படியே போடு, ஆனா மூணு நாலு தவணையாப் பிரிச்சுப் போடு. செடிக்கு நாலு விரக்கடை தள்ளிக் கீறி, உரத்தை வெச்சு மண்ணை மூடு. மழை இருட்டிக்கிட்டு வந்தா அன்னைக்கு மூட்டையைத் தொடாத. கரி போடாத ரெண்டு பாத்தியைப் பக்கத்துலயே விட்டு வை. ரெண்டுலயும் பறிக்குற காயை நோட்டுல எழுது. இலை நிறமும் காய் எடையும் ரெண்டு போகம் நின்னு காட்டினா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுப் பாக்கலாம்.

ஐப்பசி மழைக்கு முன்ன ஊறல் தயாராகணும்னா ஆவணிக் கடைசிலயே குழி வெட்டணும். வர்ற ஞாயித்துக்கிழமை நான் வரேன். வேலியில வெட்டிப் போட்ட கருவேலத்தை வெயில்ல பரப்பி வை. முள்ளு குத்தும், செருப்புப் போட்டுக்கிட்டு இழு. நாலு பழைய சாக்கும் ரெண்டு குடமும் எடுத்து வை, மண்வெட்டி நான் கொண்டு வரேன்.